ஒரு கதவு மட்டும் வேறு நீலம்

நாமக்கல்,
புதன்கிழமை.

அன்புக் கண்ணு மோகனப்பிரியாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆஞ்சநேயருக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இது என்னத்துக்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் போதும், உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி என் தோளை ஒட்டி நின்றுகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேச? பக்கத்து வீட்டு உஷாராணி வெள்ளிக்கிழமை தன் மகனிடம் உங்கள் ஊருக்கு வருகிறாள், பருப்புப் பொடி டப்பாவுக்குள் இதையும் வைத்து அனுப்புகிறேன்.

விஷயம் அப்பாவின் கண்தான். புரை முற்றிவிட்டது, ஆப்பரேஷன் செய்யச் சொல்லுங்கள் என்று நீயும் போன வருஷத்திலிருந்து கரடியாய்க் கத்திக்கொண்டிருக்கிறாய், அவரும் ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும், பட்டறையில் வேலை முடியட்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். மூன்று மாதத்துக்கு முன் ஜேடர்பாளையம் அணைக்கு மீன் சாப்பிடப் போய்த் திரும்பும்போது எதிரே வந்த கரும்பு டிராக்டரை அவர் கவனிக்கவே இல்லை, நான் போட்ட கூப்பாட்டில்தான் ஓரம் கட்டினார். அதற்கும் வெயில் கூசியது என்றுதான் சொன்னாரே தவிர கண் என்று வாயில் வரவில்லை. கண்ணு, அன்றிலிருந்து அவர் சாவியை எடுத்தாலே எனக்குப் படபடப்புத்தான்.

நாங்கள் போனது அவருடைய பழைய அமெரிக்கக் காரில். அந்தப் பைத்தியம் உனக்குத் தெரியாததா, லாரிக்குப் பாடி கட்டிப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் ஒரு மூலை எப்போதும் அந்தக் கப்பல்களுக்குத்தான். பின்னால் மீன்வால் மாதிரி இறக்கை முளைத்த வண்டி ஒன்று, கியருக்குப் பதில் பொத்தான் வைத்த வண்டி ஒன்று, எல்லாம் சரி செய்து, பழைய கார்களைச் சேர்த்து வைக்கிறவர்களுக்கு விற்றாயிற்று. வாங்க வருகிற ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, லட்சணமான வண்டியைக் காட்டினால் கொட்டாவி விடுகிறார்கள், கோணங்கித்தனமாக ஒன்று நின்றால் அதையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எந்த மகராசன் என்ன நினைப்பில் இப்படிச் செய்தானோ என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், பிறகு அதைத்தான் வாங்குவார்கள். இப்போது நிற்பது ஸ்டூடிபேக்கர் என்று ஒரு நீல வண்டி. நடு மூஞ்சியில் விமானத்து மூக்கு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், இதற்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று முதல் நாளே கேட்டேன். பழகப் பழக எனக்கும் பிடித்துத்தான் போனது, அதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே.

அந்த வண்டியின் இடது கதவு துருப்பிடித்து உளுத்துப் போயிருந்தது, புதுத் தகடு வைத்து அவரே பெயிண்ட் அடித்தார். கம்ப்யூட்டரில் நம்பர் தட்டினால் கலர் கலந்து கொடுக்கிற கடை இங்கேயே வந்துவிட்டது, ஆனால் இவர் கட்டைவிரல் நகத்தில் தடவிப் பார்த்துக் கலந்தால்தான் கலர் என்பார். அடித்து முடித்ததைப் பார்த்தால் வண்டி நீலம், கதவு மயில்கழுத்துப் பச்சை. நம் பட்டறையில்தான் பூசணிக்காய் உடைத்து வண்டி வெளியே போகிறவரைக்கும் குறை சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உன் அப்பாவோடு இத்தனை வருஷமாக வேலை செய்கிற குணசீலனிடம் கேட்டேன், அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, நான் சொன்னால் அண்ணன் மனசு உடைந்துவிடும், நீங்கள் சொல்லுங்கள் என்றான். எனக்கும் நாக்கு எழவில்லை.

கடைசியில் வெளியாள்தான் சொன்னார். கோயமுத்தூரிலிருந்து சிவபிரகாஷ் என்று ஒருவர் வண்டி பார்க்க வந்தார், வண்டியின் மூக்கைத் தடவித் தடவிக் குழந்தை மாதிரிச் சிரித்தார், மறுபக்கம் வந்ததும் இந்தக் கதவு மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். உன் அப்பா கதவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார், முன்பக்கத் தகட்டைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க தெரியுது” என்றார். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. வண்டி எனக்குத்தான், ஆனால் கதவை வேறு யாரும் தொட வேண்டாம், நீங்களே கண்ணைக் காட்டிவிட்டு வந்து அடித்துக் கொடுங்கள், எத்தனை நாள் ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது உனக்கும் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியுமுங்க என்றேன். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம்தான் மனதில் இருந்ததைச் சொன்னார், அறுக்கிறதில் ஏதாவது பிசகாகி நீலம் நீலமாகத் தெரியாமல் போய்விட்டால் பட்டறையில் நான் எதற்கு ஆவேன் என்று. இத்தனை நாளும் அந்தப் பயம்தான், நாம் என்னவோ பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோபித்துக்கொள்ளாதே சாமி, உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். சேலத்தில் சூரமங்கலம் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ கூப்பிடும்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரே, தூசி விழுந்தது என்றது பொய். சொட்டு மருந்தெல்லாம் முடிந்து பட்டறைக்குப் போனவர் வண்டி முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் பார்க்கிறார், மாற்றிப் பொத்திப் பார்க்கிறார், விளையாட்டுக் காட்டின மாதிரி இருந்தது. நீலம் இத்தனை நீலமாகவா இருந்தது என்று ஒரே ஆச்சரியம். பிறகு ஆரம்பித்தார் பார் அர்ச்சனை, கண் இருந்தும் சொல்லாமல் நின்றீர்களே என்று குணசீலனிலிருந்து என்வரை ஒருத்தரையும் விடவில்லை. கொஞ்ச நாளாக அடித்து அனுப்பிய லாரியெல்லாம் எந்தக் கலரில் எந்த ஊரில் ஓடுகிறதோ என்று வேறு புலம்பல். கதவைச் சுரண்டி மறுபடி அடித்துவிட்டார், எது புதுசு எது பழசு என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிவபிரகாஷ் வந்து வண்டியை எடுத்துப் போகிறார்.

இனி இடது கண் பாக்கி. டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார், இவர் மாட்டேன் என்கிறார். இப்போது என்ன பயம் என்று நன்றாகப் பிடித்துத் திட்டினேன். பயமெல்லாம் இல்லை, மோகனா வரட்டும் என்றார். அவள் வந்து என்ன செய்யப் போகிறாள் என்றேன். “என்ற புள்ள பொறந்ததுலிருந்து பாத்த கண்ணு இது. இதும் ஒருக்கா அவளைப் பாத்துப்போட்டுப் போகட்டும்” என்றார்.

பாப்பா பிறந்த பிறகு நீ இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை, குறையாகச் சொல்லவில்லை, லீவு கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். மாப்பிள்ளையிடம் கலந்து பேசி டிக்கெட் போட்டுவிட்டுச் சொல். அதுவரை போனில் எதுவும் தெரியாத மாதிரி இரு, காரைப் பற்றி மட்டும் கேள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், பாப்பாவுக்கு முத்தம்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
வசந்தாமணி.