பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்

மார்ச் 4

முன்பல் கட்டிய நாளிலிருந்து உயரமான சுரங்கள் பிடிகொடுக்க மறுக்கின்றன. "ஐம்பத்தெட்டு வயசுல இன்னும் உச்சஸ்தாயி கேக்குதா உங்களுக்கு?" என்கிறாள் மனைவி. கேட்கிறதே! சனிக்கிழமை எங்கள் ஜாஸ் குழு வாசிக்கப்போவது நான் எழுதிய இசை. உச்ச சுரங்கள் வரும் முதல் டிரம்பெட்டை இன்னொருவருக்குக் கொடுப்பதா? முடியாது.

மார்ச் 8

கச்சேரியின் கடைசிச் சுரத்தை நானும் இரண்டாம் டிரம்பெட் வாசிக்கும் என் மாணவியும் சேர்ந்து பிடிக்க வேண்டும். உடைந்தது. உடைத்தது நான். எங்கள் வரிசையில் ஓர் எழுதாத சட்டம் உண்டு: யார் பிசகினாலும் மற்றவர்கள் நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். புருவத்தை வேறு தூக்கினேன். பியானோவில் இருந்த குழுத் தலைவரும் அவளைத்தான் முறைத்தார்.

மார்ச் 9

தலைவர் போனில்: "அந்தப் பொண்ணு கொஞ்ச நாள் வெளியில இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்க இஷ்டம்" என்றேன். சீ.

மார்ச் 11

பாடத்துக்கு அவள் வரவில்லை.

மார்ச் 19

இன்று வகுப்பில், "தப்பா வாசிச்சா தைரியமா ஒத்துக்கணும்" என்று என் வாயாலேயே சொன்னேன். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நானா ஊதினேன்?" என்றாள்.

மார்ச் 22

அன்று பிசகியது நான்தான் என்று ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சாக்ஸபோன்காரர் துடைத்த வாத்தியத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றே சொன்னேன். திட்டுவாள் என்றுதான் போனேன்.

"அப்போ என் காது சரியாத்தான் இருந்துச்சா சார்? என் சுரம் சரியா விழுந்த மாதிரிதான் கேட்டுச்சு. ஆனா நீங்க என்னைப் பாத்தீங்களே... நீங்க பாத்தா அது தப்பாத்தானே இருக்கும்? ரெண்டு வாரமா டிரம்பெட்டைத் தொடவே இல்ல சார்."

அய்யோ— என்ன செய்துவிட்டேன்? திரும்பி வரும்போது ரோட்டிலேயே அழுதேன், இந்த வயதில்.

ஏப்ரல் 5

அவள் முதல் டிரம்பெட், நான் இரண்டாவது. நானே கேட்டு வாங்கியது. மூன்று வருடமாக, ஒத்திகை தொடங்கும் முன் என் பக்கம் திரும்பி ஒரு சுரம் ஊதிவிட்டு, "சரியா இருக்கா சார்?" என்று கேட்பாள். இன்று கேட்கவில்லை. பியானோவைக் கேட்டுத் தானே சுருதி சேர்த்துக்கொண்டாள்.

சரியாகத்தான் இருந்தது.