டாக்டரிடம் என்ன சொன்னீர்கள்?

கட்கி, புனே
18-6-1998

என் தமிழுக்கு,

இங்கே நானும் அம்மாவும் ரோஹிணியும் சுகம். அத்தை கைச் சாப்பாட்டில் நீ இதற்குள் தேறியிருப்பாய்.

மழை பிடித்துவிட்டது. குவார்ட்டர்ஸ் கூரை வழக்கம்போல ஒழுகுகிறது. பக்கெட்டை வைத்துவிட்டு ஃபாக்டரிக்கு ஓடுகிறேன். உன் ரசம் இல்லாமல் நாக்கு செத்துப்போச்சு.

நல்ல செய்தி ஒன்று. ரோஹிணிக்கு ஔந்திலிருந்து வந்த வரன் கைகூடும் போலிருக்கிறது. பையன் பேங்கில் வேலை. ஆவணியிலேயே முடிக்கலாம் என்கிறார்கள். அண்ணி நீ இல்லாமல் என் தங்கைக்குக் கல்யாணமா?

உன் தம்பி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று குதிப்பதாக எழுதியிருக்கிறாய். எதற்கு வீண் அலைச்சல்? இங்கே டாக்டர் மூன்று வருஷம் பார்த்து, வெறும் டென்ஷன்தான் என்று சொல்லவில்லையா? மனசைத் தளரவிடாதே. கால் தானாக நடக்கும்.

உன் மாமா,
கோவிந்தராஜ்

குடியாத்தம்
9-7-1998

அன்புள்ள மாமாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலூருக்குப் போய்விட்டேன். பஸ் ஏறும்போது இடது கால் மடிந்து விழுந்தேன். தம்பி தூக்கிக்கொண்டே போனான்.

டாக்டர் தம்பியை வெளியே அனுப்பிவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். கல்யாணமானதிலிருந்து ஒரு டாக்டரிடம் நானே பேசுவது இதுதான் முதல் தடவை மாமா. மடமடவென்று கொட்டித் தீர்த்துவிட்டேன். கை மரத்துப்போவது, குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பது, தானே சரியாகித் திரும்பத் திரும்ப வருவது எல்லாம் சொன்னேன். ஒரு தீபாவளிக்கு வலது கண் புகைமூட்டமாகி, முறுக்குச் சட்டி தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டேனே, அதையும் சொன்னேன்.

கண் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை பூனாவுல சொல்லலையா?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன் சார். அவர் இந்தியில டாக்டர்கிட்ட சொன்னார்."

"அவர் என்ன சொன்னார்?"

எனக்குத்தான் இந்தி தெரியாதே. பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியதுதான் நான் கண்டது.

ஸ்கேன் எடுத்தார்கள், முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று பேராம். நரம்பின் மேலுறை கெட்டுப்போகிற வியாதி. பேரைக் கேட்டதும் ஓவென்று அழுதேன். நான் நடிக்கவில்லை என்று ஒருத்தராவது சொன்னாரே! ஆரம்பத்திலேயே வந்திருக்கலாமே என்றார். இந்தக் கால் முழுசாகத் திரும்புமா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

ஒன்றே ஒன்று எழுதுங்கள் மாமா. அந்த டாக்டரிடம் என்ன சொன்னீர்கள்?

உங்கள்
தமிழரசி

கட்கி
20-7-1998

தமிழுக்கு,

என்னைக் கூண்டிலேயே ஏற்றிவிட்டாய். சரி, கேட்டுக்கொள். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. ரத்தக்குறைவு, ஊர் ஏக்கம், சும்மா சும்மா அழுகிறாள் என்றுதான் சொன்னேன்.

வேறென்ன சொல்லச் சொல்கிறாய்? அந்த ரூமில் கம்பவுண்டர் ஆரோக்கியசாமி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். காலையில் அவன் கேட்டது சாயங்காலம் கட்கி பஜார் முழுக்க நாறும். நீ என்ன அன்னியத்திலிருந்து வந்தவளா? என் சொந்த மாமன் மகள். அண்ணிக்கு நரம்பு வியாதி, ஒரே ரத்தம், பெண்ணுக்கும் இருக்கும் என்று ஒருத்தன் வாசல்படி மிதிப்பானா? அப்பா இல்லாத பெண். இருபத்தெட்டு நடக்கிறது. நான் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்?

ஔந்த் இடமே நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்கு வந்துவிடு. குச்சி ஊன்றி வராதே. பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா கையைப் பிடித்துக்கொள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். வேலூர் காகிதம் எதையும் இங்கே கொண்டுவராதே.

உன் பைத்தியம் ரோஹிணிக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு மாசமாகக் கை மரக்கிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ஒரே புலம்பல். கல்யாண டென்ஷன், வேறென்ன? நம் டாக்டரிடமே கூட்டிப் போனேன். அவள் வாயைத் திறக்குமுன் நானே எடுத்துச் சொல்லிவிட்டேன். சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்.

கோவிந்தராஜ்

குடியாத்தம்
4-8-1998

கோவிந்தராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒறவுல குடுத்தா கண்ணுல தண்ணி வராம பாத்துக்குவான்னு நெனச்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

என் காலைக்கூட விதி என்று விட்டிருப்பேன். உங்கள் கடைசிப் பத்தியை அப்படி விட முடியாது. சத்து மாத்திரையா? எனக்குக் கொடுத்த அதே மாத்திரையா? அவள் உங்கள் கூடப் பிறந்தவள் ஐயா!

ரோஹிணிக்கு எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்க வராது. நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். எதை வாசிப்பீர்கள், எதை விழுங்குவீர்கள் என்று யார் கண்டார்கள்? அதனால் நேற்று தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். பாத்திமா அக்கா வீட்டுக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

எனக்கு என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிறதா என்று கேட்டேன். "ஆமா அண்ணி. யார்கிட்டயும் சொல்லலியே, உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இரண்டு பேரும் அப்படியே அழுதோம்.

அவளுக்கு இந்த வியாதி இருக்கவே கூடாது என்று கும்பிடாத தெய்வமில்லை. சனிக்கிழமை பாத்திமா அக்கா அவளை ஒரு பெரிய நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறாள். இந்தியும் மராத்தியும் ரோஹிணிக்கு வாய் நிறைய இருக்கிறது. நீங்கள் கூடப் போக வேண்டாம்.

நான் இனி கட்கிக்கு வரமாட்டேன். என் துணிமணியை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது என்று தவிப்பீர்கள். உங்களுக்கா தெரியாது? ஏதாவது சொல்லுங்கள்.

தமிழரசி