பத்து நண்டுகளுக்கான படிகள்

திருத்தணி
8.1.2025

சிரஞ்சீவி தேவசேனாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

போனில் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை; அதனால்தான் எழுதுகிறேன். மலைக்கோயில் மடப்பள்ளியில் முப்பது வருடமாகப் பொங்கல் கிளறுகிறவன் மகள், தூத்துக்குடியில் நண்டை வெந்நீரில் போடுகிறாளாம்! எதிர்வீட்டு நிர்மலா கேட்கிறாள்: "சாமி, உங்க பொண்ணு நண்ட வேவ வெச்சிகினு கீதாமே?" என் மானம் போகிறது.

உன் ஆராய்ச்சி முடிந்ததும் அந்தப் பத்து நண்டையும் உயிரோடு கடலில் விட்டுவிடு. எப்போதும் பஸ்ஸில் மலையேறுகிறவன், நீ விடுகிற ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

சந்திரமௌலி

தூத்துக்குடி
10.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

வெந்நீர் இல்லை அப்பா. இன்றைய கடலைவிட நான்கு டிகிரி சூடு, கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான். நாம் விடுகிற புகையில் இருக்கும் கரியமில வாயுவைக் கடல் குடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடலே இப்படிச் சூடாகிப் புளித்துவிடலாம். அந்தத் தண்ணீரில் நண்டின் இதயம் வேகமாக அடிக்கிறது, ஆனாலும் மூச்சு போதவில்லை. பழைய ஓட்டைக் கழற்றினால் புது ஓடு இறுக நாளாகிறது. இருக்கிற பலமெல்லாம் உயிரைப் பிடித்து வைக்கவே சரியாகிவிடுகிறது.

வேலை முடிந்தது. பத்தையும் கடலில் விட்டுவிட்டேன். நிர்மலா அக்காவிடம் சொல்லுங்கள்.

உங்கள் தேவசேனா

திருத்தணி
3.4.2025

கண்ணம்மா,

ஏழு முறை ஏறியாயிற்று. வலது முழங்கால் வீங்கிவிட்டது. உன் அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டுகிறாள். "நண்டுக்காக இம்மாம் கஷ்டமா சாமி?" என்று நிர்மலாவும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என் பெண் பத்து உயிரைத் திருப்பிக் கொடுத்தவள். இன்னும் மூன்றுதான்.

அப்பா

தூத்துக்குடி
8.4.2025

அப்பா, ஏறாதீர்கள்.

நான் பொய் சொன்னேன். ஆறு நண்டுகள் தொட்டியிலேயே செத்துவிட்டன. மீதி நான்கையும் செவுளைப் பார்ப்பதற்காக நானே அறுத்தேன். உங்கள் முகத்தை நினைத்து, பயந்து, அப்படி எழுதிவிட்டேன். உங்கள் முழங்காலைப் பற்றிப் படித்ததிலிருந்து சாப்பிட முடியவில்லை. நான் வீட்டுக்கு வரலாமா?

தேவசேனா

திருத்தணி
16.4.2025

தேவசேனாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் எட்டாவதையும் ஏறிவிட்டேன்.  நண்டு செத்தது வருத்தம்தான். நீ என்னிடம் பொய் சொன்னது அதைவிட வருத்தம்.

ஆனாலும் செத்ததுகளுக்காக நேற்று ஒன்பதாவதையும் ஏறினேன். நல்ல வெயில். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு போதவில்லை. நீ எழுதிய நண்டு நினைவுக்கு வந்தது. எனக்காவது ஒதுங்க ஒரு நிழல் இருந்தது. அந்த நண்டு படுகிற பாட்டைப் பார்த்துச் சொல்ல ஒருத்தி வேண்டும்தான்.

பத்தாவது பாக்கி இருக்கிறது. இனி என் காலால் ஆகாது. வருகிற செவ்வாய்க்கிழமை வந்து அதை நீ ஏறு. நான் பஸ்ஸில் மேலே போய், பொங்கல் ஆறுவதற்குள் வருகிறாயா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா