தெற்றுப்பல்லுக்காகச் சொன்ன பொய்

தபானான்,
ஜூலை 3

அன்பு மகள் கடேக் ஆரியாசிக்கு உன் மேமே எழுதுவது. குலக்கோயிலில் இருக்கிற முன்னோர் புண்ணியத்தில் இங்கே நான், உன் பாபா, தம்பி கோமாங், இரண்டு பன்றிகள் எல்லோரும் சுகம், அதே சுகம் ஜப்பானில் உனக்கும் இருக்க வேண்டும். நெல் பால் பிடித்துவிட்டது. பாபாவுக்கு இடுப்பு காலையில் மட்டும் பிடித்துக்கொள்கிறது, தைலம் தேய்க்கக் கூப்பிட்டால் வாத்துகளோடு சண்டை போடக் கிளம்பிவிடுகிறார். போனில் உன் கண்ணுக்குக் கீழே கறுத்துத் தெரிகிறது, போன் சரியில்லை என்று என்னிடம் கதை விடாதே, வேளைக்குச் சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு இருபத்தொன்றில் பெரியப்பா வீட்டில் கடைசிப் பையனுக்குப் பல் ராவுகிறார்கள். உன் மேல்வரிசைப் பல் ஆறையும் அரத்தால் ராவிச் சமன் செய்து பெரியவளாக்கினால்தான் பெற்ற கடமை தீரும் என்று பாபா உன் பெயரையும் சேர்த்துவிட்டார். அதற்கு நீ போனில், இருபத்தாறு வயசுல பல்லை ராவித்தான் நான் பெரியவளாகணுமா மேமே, இங்க முதியோர் இல்லத்துல தினம் எட்டுக் கிழவிங்களைக் குளிப்பாட்டி விடறேனே அது போதாதா, வரலைன்னு சொல்லிடுங்க என்று வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, ஏனென்றால் இதில் தப்பு என்னுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன் உன் பெரியப்பா வீட்டு அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் சேர்த்து ராவினபோது, இவள் வீட்டுக்கு விலக்கு, சடங்கில் உட்காரக் கூடாது என்று உன்னை நிறுத்தினேன். அது பொய் என்று உனக்கும் தெரியும். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். பாபா தென்னை மரத்திலிருந்து விழுந்து படுத்திருந்த வருஷம் அது. நான் சந்தைக்குப் போக, நீ பள்ளியை விட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டினாய், துடைத்துவிட்டாய், கோமாங்கைத் தலைவாரி அனுப்பினாய். இதற்கு மேல் பல்லையும் ராவிவிட்டால் சின்னப்பிள்ளை என்று சொல்ல உன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. சிரித்தால் உதட்டில் வந்து உட்காருமே அந்தத் தெற்றுப்பல், அதையாவது விட்டுவைப்போம் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் பார். பல்லை வைத்துக்கொண்டு நீ எங்கே விளையாடினாய்? பெரியவள் செய்கிற வேலையெல்லாம் உன்னிடம் வாங்கிக்கொண்டேன், பெரியவளுக்குரிய மரியாதையை மட்டும் வாங்கித் தரவில்லை. அத்தைமார் இன்றைக்கும் உன்னைப் பல்லு ராவாத பாப்பா என்று சீண்டுகிறார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

இன்னொன்று, பாபாவைத் தவிர யாருக்கும் தெரியாதது. எனக்கும் பல் ராவவில்லை. என் அம்மா இறந்தபோது எனக்குப் பதினொரு வயது, கீழே மூன்று தம்பிகள், அப்பா வயலிலேயே கிடந்தார், என் பல்லை யார் நினைத்தார்கள்? கல்யாணத்தின்போது, பல் ராவியாயிற்றா என்று கேட்டவர்களிடம் ஆயிற்று என்று தலையாட்டிவிட்டேன். நான் வாயை மூடிச் சிரிப்பதை நீங்கள் எல்லோரும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள். ராவாமல் செத்தால் எரிக்கும் முன் வாயைத் திறந்து ராவுவார்கள், அந்த அலங்கோலம் எனக்கு வேண்டாம். நானும் உன்னோடு ராவிக்கொள்கிறேன் என்று பாபாவிடம் சொன்னேன், அதுக்கென்ன, பக்கத்துல பக்கத்துல ரெண்டு பாயா விரிச்சுடுவோம், ராவும்போது வாய் மூடாம கடிக்கக் கரும்புதான் கூட ஒரு துண்டு வேணும் என்றார். ஆனால் ராவும்போது தலைமாட்டில் பெற்றவர்கள் நிற்க வேண்டும், எனக்கு இரண்டு பேரும் இல்லை. நேற்று பூசகரிடம் போய்க் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்துவிட்டு, பெத்தவங்க இல்லேன்னா உன்னைத் தாங்கி நின்ன பெரிய மனுஷி வீட்டுல யாராவது இருந்தா நிக்கட்டுமே என்றார். ஒருத்தி இருக்கிறாள், ஜப்பானில் லீவு கேட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதுவும் பொய்தான். இதை மட்டும் நீ மெய்யாக்கிவிடு.

முன்னோர்கள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நோய்நொடி அண்டாதிருக்கட்டும். குளிக்கும்போது வழுக்காமல் பார், அந்தக் கிழவிகளையும் பிடித்துக்கொள். முக்கியமாக, அதற்குள் அங்கே எந்தப் பல் டாக்டரிடமும் போய் அந்தத் தெற்றுப்பல்லைச் சரிசெய்துவிடாதே. முதலில் என் பல்லுக்கு நீ நில், பிறகு நான் உன் தலைமாட்டில் நிற்கிறேன். அரம் படுவதற்கு முன்னால் எனக்காக ஒருதரம் சிரித்துக் காட்டு.

உன் மேமே,
நி லூ சுகெர்னி