பொடி தூவிய நெல்

அக்கா,

இன்று காலை பக்கத்து வயலில் மருந்தடித்தார்கள். ஜன்னலைச் சாத்தியும் நெடி உள்ளே வந்துவிட்டது. நீங்கள் கண்மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தப் பயத்தை வேறு யாரிடம் சொல்வேன்?

எழுபதுகளில் கொல்லங்கோட்டில் நாமிருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். அந்த வருஷம் மழை நின்றும் மேக மூடாக்கு விலகவில்லை, வயலெல்லாம் புழுக்கம். கதிர் முற்றும் சமயம், நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வட்டமாகப் பயிர் பழுத்துக் காய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் மடையைத் திறந்துவிட்டார். அந்த வட்டம் பரவிக்கொண்டே போனது.

"ஐயோ புள்ளை, இங்க வந்து பாரு" என்று நீங்கள் கத்தினீர்கள். பயிரை விலக்கினால், தூரெல்லாம் எள்ளைக் கொட்டியதுபோல் புகையான் பூச்சி. நாம் பாய்ச்சிய ஈரம் அதற்குத்தான் வசதியாகப் போயிருந்தது.

பழைய வேட்டியில் பூச்சிப் பொடியை மூட்டை கட்டி, குச்சியால் தட்டித் தூவினோம். பூச்சி தூரில் இருந்தது, பொடி கதிரில் விழுந்தது. இனி விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று அரைகுறையாக அறுத்தோம். களத்தில் நெல் பொறுக்கிய கோழி செத்துக் கிடந்தது. நெல்லைப் புழுக்கியபோது ஆவியிலும் அதே மருந்து நெடி. பத்தாயத்தில் வேறு நெல் இல்லை. குழந்தைகள் பசியில் அழுதன.

ஆண்களும் குழந்தைகளும் உண்ட பிறகே நாம் உட்காருவது வழக்கம். அந்த அரிசியில் சோறு வடித்த அன்று நீங்கள் முதலில் தட்டை எடுத்தீர்கள்.

"நான் தின்னு பாக்கறேன். பொழுது சாயற வரைக்கும் பசங்களுக்குப் போடாத."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னாங்க்கா?"

"ஆயிருச்சுன்னா, நெல்லக் கொட்டிப் போடு. எம் பையனுக்கு நீ இருக்கற."

அன்று முழுவதும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வியர்த்ததும் பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்தேன். "அட, அடுப்பு வெக்கை புள்ளை" என்று சிரித்தீர்கள். பொழுது சாய்ந்ததும், "இனிப் போடு" என்றீர்கள். அப்போதும் எனக்குப் பயம் போகவில்லை, அக்கா.

இன்றும் புது அரிசி வந்தால், முதல் கவளத்தை நான் உண்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். "ஏனுங்கத்தை, அதுக்குள்ள பசியா?" என்று மருமகள் கேலி செய்கிறாள்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.