பிச்சாவரத்துக்கு நேரத்தோடு போன கதை

அப்பா,

இன்று போட்டிருந்த துப்பட்டாவை இரண்டு தரம் கசக்கியும் கத்தரிக்காய் கொத்சு வாசனை போகவில்லை. பையன் தூங்கிவிட்டான். உங்களோடு சண்டை போட இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது.

பெங்களூரிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்திருக்கிறாள். "அண்ணி, நீங்கதானே ஊர்க்காரங்க, கடலூர்ல எங்க சாப்பிடலாம், என்ன பாக்கலாம்?" என்றாள். எங்கே சாப்பிடலாம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்ன பார்க்கலாம் என்றால்? இந்த ஊரில் பிறந்து, காலேஜ் முடித்து, கல்யாணமும் ஆன பிறகும் நான் பிச்சாவரம் படகில் ஏறியதில்லை. யார் புண்ணியம்?

விருந்தாளி வந்தால் போதும், வேனை நீங்களே பேசிவிடுவீர்கள். கிளம்பும்போது சொல்வது பிச்சாவரம்தான். மஞ்சக்குப்பத்தில் இட்லி, முதுநகரில் சுடச்சுட வடை, புதுச்சத்திரத்தில் இளநீர். சிதம்பரத்தில் சம்பா சாதமும் கொத்சும் ஆவதற்குள் கோயில் நடை சாத்தியிருக்கும். "தொறக்கட்டும், சாமி பாக்காம போவக்கூடாது" என்று நிழலில் உட்காரவைப்பீர்கள். கடைசியில் பிச்சாவரம் போய்ச் சேரும்போது டிக்கெட் ஜன்னல் மூடியிருக்கும். ஒவ்வொரு முறையும்!

"மச்சான், ஊரக் காட்ட இட்டாந்தியா, ஓட்டலக் காட்ட இட்டாந்தியா?" என்று மாமா ஒருமுறை கத்தினாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் அசரவில்லை. "வெறும் வயித்தோட எதப் பாத்தாலும் மனசுல நிக்காது மச்சான்." நான் படகுத்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீர்கள்.

அதனால் இந்த முறை நானே திட்டம் போட்டேன். இட்லி வீட்டிலேயே. வடை கிடையாது, இளநீர் கிடையாது. சிதம்பரத்தில் கொத்சைப் பார்சலாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கிள்ளை தாண்டுவதற்குள் அது ஒழுகித் துப்பட்டாவெல்லாம் எண்ணெய். இருந்தாலும் வெயில் ஏறுமுன் போய்விட்டோம். டிக்கெட்டும் கையில்.

படகுக்காரர் பையனுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டினார். பெரிய சைஸ். தோளில் நிற்காமல் சரிந்தது. அவன் உள்ளே கால் வைத்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் படகுத்துறையிலேயே நின்றுவிட்டேன். அப்புறம் என் வாயிலிருந்து வந்ததைக் கேளுங்கள்.

"ஏங்க, மொதல்ல சாப்ட்டுட்டு அப்பறம் ஏறலாமா? கொத்சு ஆறிடும்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கப்பா வந்துட்டாரு பாரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில்வர் பீச்சில் நாங்கள் எல்லோரும் அலைக்கு ஓடும்போது நீங்கள் மட்டும் மணலில் நின்றது அப்போதுதான் உறைத்தது. கூப்பிட்டால், "செருப்ப யாரு பாத்துக்கறது? நீங்க போங்க" என்பீர்கள். உங்கள் கால் நனைந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் தலைகளையே எண்ணிக்கொண்டு நிற்பீர்கள். தண்ணீர் என்றால் பயமா அப்பா? சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அத்தனை வடையையும் எங்களுக்கு ஊட்டி மறைக்கிற விஷயமா அது? இத்தனை வருஷம் உங்களைத் தீனிப் பைத்தியம் என்றே திட்டிக்கொண்டிருந்தேனே.

"அம்மா, வா" என்று பையன் கையை நீட்டினான். ஏறினேன். பிச்சாவரம் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். ஜாக்கெட்டின் வாரைப் பிடித்தபடி பையனின் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். தண்ணீருக்குள் நிற்கிற சுரபுன்னை மரங்களின் வேர்களையெல்லாம் நாத்தனார் போட்டோ எடுத்திருக்கிறாள், நாளைக்குப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் சில்வர் பீச். எல்லோரும் செருப்பை உதறிவிட்டு ஓடினார்கள். நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. பையன் அலை ஓரத்திலிருந்து திரும்பிப் பார்த்தான்.

அத்தனை செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டே நடந்து போய், முழங்கால் நனையும் வரை அவன் பக்கத்தில் நின்றேன்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டும் இறங்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா, அப்பா?