நான் பூட்டிய தியேட்டர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் என் மேஜைமேல் ஒரு கோப்பு கிடந்தது. மேலே அந்தத் தியேட்டரின் பெயர். நகராட்சி அதை விலைக்கு வாங்கிவிட்டதாம். பழையபடி சீர்செய்து திறக்கப்போகிறார்களாம். மேற்பார்வைப் பொறியாளர் நான்.

ஆறு வருஷத்துக்கு முன் ‘மக்கள் அமரத் தகுதியற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அப்போது அங்கே மேனேஜராக இருந்தவன் என் அண்ணன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை.

கமிஷனருக்கு இதெல்லாம் தெரியும். சிரித்துக்கொண்டே சொன்னார்: “பூட்டினவங்களே திறங்க. உங்க அண்ணனையே மறுபடி மேனேஜரா போடலாம்னும் பேச்சிருக்கு. முதல்ல சாவியை வாங்கிட்டு வாங்க.”

சாவி அண்ணன் வீட்டில் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

போனேன். அண்ணி கதவைத் திறந்தாள். அண்ணன் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். “நகராட்சியிலேர்ந்து வந்திருக்கறவங்களுக்கு டீ குடு” என்றான் அண்ணியிடம்.

சாவி வேண்டும் என்று நானும் அண்ணியிடமே சொன்னேன்.

“சாவியெல்லாம் குடுக்க முடியாது, நானே வந்து திறந்துவிடுவேன்னு சொல்லு.”

அண்ணி டம்ளரை ணங்கென்று வைத்தாள். “ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான், சந்தேகமே இல்ல. நான் என்ன இந்த வீட்டுக்கு தபால்காரியா?”

பேப்பர் லேசாக ஆடியது. சிரித்தானோ?

மார்ச் 10, திங்கள்

திறந்தான். பூட்டில் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான் – ஆறு வருஷமும் வந்து போட்டிருக்கவேண்டும், இல்லையென்றால் அப்படித் திரும்பாது.

உள்ளே புறா எச்சம், ஈரச் சுவர் வாடை, கிழிந்த சீட்டுகளிலிருந்து பிதுங்கும் நார். தொண்ணூற்றொரு வயதுக் கட்டடம். எண்ணெய் ஆலை முதலாளி ஒருவர் நாடகப் பித்துப் பிடித்துக் கட்டியது. பிறகு சினிமா வந்ததும் மேடைக்கு முன்னால் திரையை அடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த மேடையை யாரும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அண்ணன் மேஸ்திரிக்குச் சொல்லிக்கொண்டே நடந்தான். நான் பின்னால். பால்கனிப் படியில் ஏறும்போது திரும்பாமலே சொன்னான்: “மேஸ்திரி, அந்தம்மாவ நாலாவது படியில கால் வைக்க வேணாம்னு சொல்லுங்க. ஆடும்.”

அந்தம்மாவாம். இருக்கட்டும். நான் விழக் கூடாது என்று நினைக்கிறானே, அது போதும்.

மார்ச் 19, புதன்

மேஸ்திரி லீவு. புறாக்களுக்கு லீவு கிடையாது.

ஏப்ரல் 11, வெள்ளி

திரையை இறக்கினோம். நாலு பேர் பிடித்தும் கடைசியில் பொத்தென்று விழுந்து எல்லோரையும் தூசியில் முக்கியது. தும்மி முடித்து நிமிர்ந்தால் – மேடை. பலகை ஒன்றுகூட உளுத்துப்போகவில்லை. அதன் பின்னால் ஒரு சின்ன ஒப்பனை அறை. கண்ணாடி இருந்த இடத்தைச் சுற்றிச் சுவர் முழுக்கப் பென்சில் எழுத்து.

‘இன்று வந்தவர்கள் பதினேழு பேர். ஆனாலும் நன்றாகவே செத்தேன்.’

‘ராஜா வேஷத்துக்குச் செருப்பு பத்தவில்லை. ராணி கொடுத்து உதவினாள்.’

‘நாளையோடு முடிகிறது. ஊருக்குப் போக மனமில்லை.’

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். நான் மூன்றாவது வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் குனிந்திருந்த அண்ணன், “வாலு, இங்க வந்து இதப் பாரு, ஒருத்தன் கணக்கு வாத்தியாரத் திட்டி எழுதியிருக்கான்” என்றான்.

வாலு. சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர். கேட்டு ஆறு வருஷம்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு டார்ச்சை அணைத்துவிட்டான். போய்ப் பார்த்தேன். நிஜமாகவே நல்ல திட்டு.

மே 6, செவ்வாய்

நாளை சீலிங்கைப் பிரிக்கிறார்கள். ஆறு வருஷத்துக்கு முன் நான் பார்த்தது ஒரே ஒரு ஓட்டை வழியாக, ஒரு டார்ச்சோடு. உத்தரம் நன்றாக இருந்துவிட்டால்? பன்னிரண்டு பேர் வேலையை, அண்ணனின் முப்பது வருஷத்தை, ஒரு ஓட்டையைப் பார்த்தா முடித்தேன்? இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன். கட்டடம் இத்துப்போயிருக்க வேண்டும் என்று வேண்டும் பொறியாளரை எங்காவது கண்டதுண்டா?

மே 7, புதன்

இத்துத்தான் போயிருந்தது. மூன்றாவது உத்தரத்தில் மேஸ்திரி கடப்பாரையை வைத்து அழுத்தினார். ஈர மணலில் இறங்குவதுபோல் இறங்கியது.

ஆனால் அதற்கு அடியில் ஒரு முட்டு. தடிமனான கட்டை, இரும்புப் பட்டை, பக்கத்தில் ஒழுகலைப் பிடிக்க இரண்டு பெயின்ட் டப்பா. “இது கட்டும்போது வெச்சதில்லம்மா” என்றார் மேஸ்திரி. “யாரோ பின்னால ஏறி முட்டுக் குடுத்திருக்காங்க. ஒரு பத்து வருஷம் இருக்கும்.”

நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவன் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

மே 8, வியாழன்

சாயங்காலம் வாசலில் அண்ணன். என் வீட்டுக்காரர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவினார்.

“எனக்குத் தெரியும்” என்றான், உட்காராமலே. “நீ வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே தெரியும். முதலாளிகிட்ட சொன்னேன். ரிப்பேரெல்லாம் முடியாது, பேசாம மூடிரலாம்னாரு. பன்னெண்டு குடும்பம். நானே ஏறி முட்டுக் குடுத்தேன். கீழ ரெண்டு வரிசைக்குக் கயிறு கட்டி, சீட் ரிப்பேர்னு போர்டு மாட்டினேன். ஹவுஸ்ஃபுல் அன்னைக்கும் அங்க ஒருத்தரயும் உட்கார விடல.”

“பக்கத்து வரிசையில குழந்தைங்க உட்கார்ந்திருந்துச்சே அண்ணா.”

“ஆமா.”

அறையலாம் போல இருந்தது. கூடப்பிறந்தவன். ஒரு எறும்பை மிதிக்க மாட்டான். எப்படிடா?

“அந்த நாலு வருஷமும் ஒரு படம் பார்க்கல வாலு. எல்லாரும் திரையப் பார்ப்பாங்க, நான் மேலயே பாத்துக்கிட்டு நிப்பேன். நீ சீல் வெச்சியே, அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். அத யார்கிட்ட போய்ச் சொல்றது? அதான் உன்மேல அவ்வளவு ஆத்திரம்.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “நோட்டீஸ சுவத்துல ஒட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றான்.

சொல்லியிருக்கலாம். விதியைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து ஒட்டினேன். அதையும் சொன்னேன்.

“தெரியும்” என்றான். அப்புறம்தான் உட்கார்ந்தான்.

மே 12, திங்கள்

அறிக்கையில் அந்த முட்டுக் கட்டையைப் பற்றி எழுதவேண்டும். எழுதினால் அண்ணனுக்குப் பேசிவைத்த மேனேஜர் வேலை போகும். ‘வைத்தவர் தெரியவில்லை’ என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? மூன்று நாளாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவனிடமே கேட்டேன்.

“எழுது. மறைச்சு மறைச்சுத்தான் இவ்வளவும். நானும் கீழ கையெழுத்துப் போடறேன்.”

போட்டான். அழகான கையெழுத்து அவனுக்கு, எப்போதும்.

மே 26, திங்கள்

மேனேஜர் வேலைக்கு வேறு ஆள். கமிஷனர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அண்ணியிடம் சொல்லப் போனேன். அவள்தான் என் முதுகைத் தடவிவிட்டாள். “டிக்கெட் கிழிக்க ஆள் வேணும்னா எடுத்துக்குவாங்களான்னு கேக்கறாரு” என்றாள்.

ஜூலை 30, புதன்

புது உத்தரங்கள் ஏறிவிட்டன. பெயின்டர் ஒப்பனை அறைக்குப் பட்டி பார்க்கக் கரண்டியோடு நின்றார். அண்ணன் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றான். பெயின்டர் டீ குடிக்கப் போனார். சுவர் தப்பித்தது.

செப்டம்பர் 6, சனி

திறப்பு விழா. முதலில் சினிமா அல்ல, நாடகம். தபால் ஆபீஸ்காரர்களும் பள்ளி ஆசிரியைகளும் சேர்ந்து போட்டது. பாதியில் ஒருவருக்கு வசனம் மறந்து, பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தது பால்கனி வரை கேட்டது. ஊரே கைதட்டியது.

வாசலில் அண்ணன், தேய்த்த சட்டையில். என் டிக்கெட்டை யாரோ எவரோ போல வாங்கிக் கிழித்தான். “பால்கனி, இடது பக்கம். உள்ள பேசக் கூடாது.” எனக்குப் பின்னால் வந்த என் வீட்டுக்காரரிடம், “இவங்க பேசுவாங்க, கொஞ்சம் பாத்துக்கங்க” என்றான்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று தபாலில் ஒரு புகார். ‘மதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களுக்கு, மழை தொடங்கியதிலிருந்து தியேட்டரின் பின்கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது. உரிய நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன். இப்படிக்கு, டிக்கெட் பரிசோதகர்.’ பின்பக்கம் பென்சிலில்: ‘ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா.’

கிளார்க் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, பதிவேட்டில் எண் போட்டு நீட்டினார். “இதுக்கு என்ன பதில் அனுப்பறது மேடம்?”

முன்பக்கத்துக்குத் தச்சரை அனுப்பச் சொன்னேன். பின்பக்கத்தில் நானே எழுதினேன்: வருகிறோம்.